பேராசிரியர் அம்பேத்கரும் நமது வல்லம் வடகாலும்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்த மேதை என்றும், பௌத்தம் தழுவிய பெருந்தகை என்றும் நம் சிறுவரும் அறிவர். பொருளாதாரம் கற்பித்த கல்லூரிப் பேராசிரியராக அவரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. நமது சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அக்குறையைச் சிறிது போக்க விழைகின்றோம்.

அண்ணல் பிறந்தது 1891 ஏப்ரல் 14. அதே ஆண்டில்தான் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர், நம் மக்களின் நிலமற்ற அவலத்தை விரித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு வித்து அதுவே. நம் திருப்பெரும்புதூர்ப் பகுதி அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க் சென்ற அண்ணல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையே நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் அரசுப் பணி கிடைத்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். மாத ஊதியம் 450 ரூபாய். மாணவர் தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னர்ப் பிற கல்லூரி மாணவரும் அனுமதி பெற்று வந்து கேட்கலாயினர். ஆயினும் ஆசிரியர் அறையின் குடிநீர்ப் பானையை அவர் தொடலாகாதெனச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். வெளிநாட்டுப் பட்டமும் அப்பானையருகே செல்லுபடியாகவில்லை!

அவ்வாண்டில் அவர் எழுதிய, இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரையே நமக்கு மிக நெருக்கமானது. துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தால் வேளாண்மை செழிக்கும் என அறிஞர் பலர் கூறிவந்த காலம் அது. அண்ணல் வேறு வழியில் சிந்தித்தார். நிலம் சிறிதா பெரிதா என்பதைப் பரப்பளவு மட்டும் தீர்மானிக்காது. அதில் இடப்படும் உழைப்பும் முதலும் எவ்வளவு என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். ஏரும் மாடும் இல்லாதவனுக்கு இரண்டு காணியும் பெருஞ்சுமையே. நாட்டின் நோய், நிலத்தை நம்பி மிகப் பலர் வேலையின்றித் தேங்கிக் கிடப்பது. அவர்களைத் தொழிலுக்கு ஈர்ப்பதே மருந்து. தொழில் வளர்ந்தால் நிலத்தின் மீதுள்ள பாரம் தானே குறையும் என்றார். அப்போது அவருக்கு வயது 27.

1920 மார்ச்சில் பதவி துறந்து, கோல்காப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் நவல் பத்தேனா தந்த 5,000 ரூபாய்க் கடனும் கொண்டு மீண்டும் இலண்டன் ஏகினார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவரது ஆய்வேடு 1922-இல் அளிக்கப்பட்டது, தேர்வாளர் திருத்தி எழுதப் பணித்தனர், 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் கிட்டியது. நாணய மதிப்பைத் தாழ்த்தினால் வணிகர் பெறும் இலாபம் வெளியிலிருந்து நாட்டிற்கு வருவதன்று, விலையேற்றத்தால் நலியும் கூலியாளரிடமிருந்து பறிக்கப்படுவதே என்பது அவர் துணிபு. 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியை நிறுவியவரே அவர் என மேடைகளில் முழங்குவோர் உளர். அவ்வாறு மிகைப்படுத்த வேண்டுவதில்லை. உள்ள புகழே போதும்.

பின்னர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை ஏற்றார். ஆலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்த திருத்தச் சட்டம் 1946-இல் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். அண்ணல் விரும்பிய தொழில்கள் வல்லம் வடகாலுக்கு வந்துவிட்டன. சிப்காட் தொழிற்பூங்கா எழுந்தது. பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. நிலத்தின் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் இழப்பீடு பட்டாவில் பெயருள்ளோர்க்கு உரியது. நாற்று நட்ட கைகளின் பெயர் பட்டாவில் ஏறியதில்லை. அக்கைகளின் பிள்ளைகள் ஆலைக்குள் எந்த வாயில் வழியே, எந்தப் பணிக்கு நுழைகின்றனர் என்பது 1918-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லாத வினா.

நமது மாலை வகுப்பில் அக்கட்டுரையைப் பாடமாக வைத்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “நிலமே இல்லாதவருக்கு எது சிறு நிலம், ஐயா?” என்று கேட்டாள். அடுத்த வகுப்பிற்கு வரும்போது, வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழைய பட்டாக்களையும் ஒப்பந்தக் கூலிச் சீட்டுகளையும் எடுத்து வருமாறு அனைவரையும் பணித்துள்ளோம்.