சிறுமலையும் கோடைமலையும்



சித்திரை, வைகாசித் திங்களில் எங்கள் கரிசல் நிலத்தில் ஒரு பகல் தங்கியவர், வெயில் என்றால் என்ன என்பதை வேறெங்கும் சென்று கற்க வேண்டியதில்லை. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்தது எங்கள் இளையரசனேந்தல். கோடையில் அங்கே கரிசல் மண் கை நுழையும் அளவிற்கு வெடித்துக் கிடக்கும். கிணற்று நீர் அடிமட்டத்திற்கு இறங்கிவிடும். மேற்கே நீலக் கோடு போல மலைத்தொடர் தோன்றும். அதைப் பார்க்குந்தோறும், ‘அங்கே சென்று குடியிருந்தால் எப்படி?’ என்னும் எண்ணம் எவருக்கும் எழுவது இயல்பே.

என் போன்று ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றோர் கூடுமிடத்தில் இவ்வெண்ணம் அடிக்கடி பேச்சாக வெளிப்படுகிறது. பிள்ளைகள் வெளியூர்களில் நிலைத்துவிட்டனர். எஞ்சிய நாட்களை அமைதியான, குளிர்ந்த ஓரிடத்தில் கழித்தால் என்ன என்பர். அடுத்து அவர்கள் கேட்கும் கேள்வி, ‘எந்த மலையில் குளிர் மிகுதி?’ என்பதே. நாற்பதாண்டுகள் வரலாறு கற்பித்த பழக்கத்தால், நான் அவர்களுக்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்வதுண்டு. அது மதுரைக்கு அருகிலுள்ள இரு மலைகளின் வரலாறு. ஒன்று சிறுமலை, மற்றொன்று கோடைமலை. வெப்பத்திற்கு அஞ்சிய மக்கள் ஒரு மலையைத் தேர்ந்து, துன்புற்று, பின்னர் மற்றொரு மலையைத் தேர்ந்த வரலாறு அது.

மலையிற் குடியேறும் வழக்கத்தை வெள்ளையரே தொடங்கினர் எனப் பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. கோடைமலைத் தலைவனாகிய கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றில் உளது. அக்கோடைமலை இன்றைய கொடைக்கானல் மலையே என்பது அறிஞர் பலர் கருத்து. தாண்டிக்குடி போன்ற ஊர்களில் காணப்படும் கல்திட்டைகள், ஆங்கு மக்கள் மிகப் பழங்காலத்திலேயே வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று பகர்கின்றன. பளியரும் புலையரும் அம்மலையின் தொன்மையான குடிகள்.

அவர்களுக்குப் பின்னர்ச் சென்றவர் குன்னுவர். தாராபுரத்தைச் சார்ந்த கொங்குச் சமவெளியில் உழவராக இருந்த இவர்கள், சில நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பஞ்சத்தாலோ போராலோ நிலம் விட்டு மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. மாவட்ட நூல்களும் அதனைக் குறித்துள்ளன. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி ஆகிய ஊர்களை இன்று காண்போர், அவர்கள் இடம் தேர்ந்த திறத்தை வியவாதிரார். நீர் ஓடும் பள்ளத்தாக்கு, அதன் சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக அமைந்த ஊர், நடுவே கோவில். காட்சிக்கு அழகான உச்சியை அவர்கள் தேடவில்லை. காற்றுக்கு மறைவும், நீருக்கு அருகும், விளைச்சலுக்கு ஏற்றதுமான இடத்தையே தேடினர். இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ள கொடைக்கானல் மலைப்பூண்டு இத்தகைய படிவயல்களில் விளைவதே.

இனி, வேற்று நாட்டார் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1834இல் மதுரைக்கு வந்து ஒரு கிளையை நிறுவினர். பள்ளி நடத்துவதும் மருத்துவம் புரிவதும் அவர்தம் பணிகள். குளிர்நாட்டிற் பிறந்த அவர்களுக்கு மதுரை வெயிலும், வாந்திபேதியும், காய்ச்சலும் பெரும் பகையாயின. முதற் பத்தாண்டிற்குள்ளேயே அவர்களுட் பலரும், குழந்தைகளும் மாண்டனர். ‘நோயுற்றவர் ஓய்வு பெறக் குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும்’ என்பது அவர்களைப் பொறுத்தவரை இன்பத்திற்கான விருப்பம் அன்று, உயிர்ப் பிரச்சினை.

நீலகிரியில் உதகமண்டலம் அப்போது இருந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் அம்மலைக்குச் சென்று, சில ஆண்டுகளில் ஆங்கு ஊர் அமைத்துவிட்டார். ஆயினும் மதுரையிலிருந்து மாட்டு வண்டியில் அவ்வளவு தொலைவு நோயாளியைக் கொண்டு செல்வது எளிதன்று. எனவே அவர்கள் கண் அருகிலிருந்த சிறுமலையின் மீது விழுந்தது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நிற்கும் அம்மலை ஏறத்தாழ 4,000 அடி உயரம் உடையது. வாழையும் பலாவும் செழிக்கும் இடம். ஏறுவதும் எளிது. அங்கே தங்குமனைகள் அமைத்தனர்.

ஆனால் காய்ச்சல் அவர்களை விட்டபாடில்லை. கீழே வெயிலுக்கு அஞ்சி மேலே சென்றவர், மேலே குளிர்காய்ச்சலுடன் கீழே இறங்கினர். குளிர்ந்த காற்று இருந்தும் உடல்நலம் இல்லை. காரணம் யாது? அன்று அதனை அறிந்தவர் உலகில் எவரும் இலர்.

இங்கே சற்று நின்று காரணத்தைக் காண்போம். அக்கால மருத்துவர், அழுகிய இலை தழைகளிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் எழும் கெட்ட காற்றே இக்காய்ச்சலை உண்டாக்குகிறது என நம்பினர். ‘மலேரியா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கே ‘கெட்ட காற்று’ என்பதுதான் பொருள். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பெருங்காய்ச்சல் பரவியபோது, கம்பெனி அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. அக்குழுவினருக்கும் உண்மை புலப்படவில்லை. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பின்னரே மறைபொருள் வெளிப்பட்டது.

இன்று நாம் அறிவது இது. மலையடிவாரத்திலும் இடைநிலை உயரங்களிலும் தெளிந்து ஓடும் சிற்றோடைகளில் வளரும் ஒருவகைக் கொசுவே மலைக்காய்ச்சலைப் பரப்பியது. அக்கொசுவின் உடலில் நோய்க்கிருமி முதிர்வதற்கு ஓரளவு வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே அது முதிர்வதில்லை. உயரம் ஆயிரம் அடி கூடுந்தோறும் வெப்பம் சுமார் இரண்டு பாகை குறையும் என்பது நாம் பள்ளியிற் கற்ற கணக்கு. இதன்படி சிறுமலை சமவெளியைவிட எட்டுப் பாகை குளிர்ந்தது. 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானல் பதினான்கு பாகை குளிர்ந்தது. எட்டுப் பாகைக் குளிர்ச்சி மனிதனுக்கும் இதமானது. கொசுவுக்கும் கிருமிக்கும் தடையாகாதது. பதினான்கு பாகைக் குளிர்ச்சியோ கிருமியை முதிரவிடாதது. இவ்வேறுபாட்டிலேதான் அத்தனை உயிர்களும் ஊசலாடின.

காரணம் அறியாமலே, பட்டறிவினால் அவர்கள் மேலும் உயர்ந்த மலையை நாடினர். வழிகாட்டிகள் முன்னரே இருந்தனர். 1821இல் நில அளவையாளர் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு, குன்னுவர் ஊராகிய வெள்ளகவி வழியாக மேலேறி நிலத்தை அளந்திருந்தார். 1834இல் மதுரைத் துணைக் கலெக்டர் ராட்டன் என்பவரும், காட்டன் என்பவரும் தேவதானப்பட்டியிலிருந்து ஏறிச் செண்பகனூருக்கு அருகில் சிறு மனை ஒன்று கட்டினர். 1836இல் தாவரவியலறிஞர் ராபர்ட் வைட் அம்மலைக்குச் சென்று, அதன் செடி கொடிகளைக் குறித்து எழுதினார். இவற்றையெல்லாம் கேட்டறிந்த அமெரிக்கர்கள், 1845இல் அங்கே இரு மனைகளை எழுப்பினர். ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்பன அவற்றின் பெயர்கள். கொடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே.

இவ்விடத்தில் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். மலையின் மீது மனை எழுந்தது. மனைக்குச் செல்லும் பாதை எப்படி இருந்தது? பெரியகுளத்திற்கு அருகிலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்குமேல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. வலியவர் நடந்தனர், இயன்றவர் குதிரை ஏறினர், நோயாளிகளும் பெண்டிரும் குழந்தைகளும் டோலியில் அமர்ந்தனர். டோலியைத் தோளிற் சுமந்தவர் நம் சமவெளி மக்கள். மேசையும் நாற்காலியும் பாத்திரமும் புத்தகமும் அவர்கள் தலையிலேயே ஏறின. 1875இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூர் வரை வந்த பின்னரும் மலைமேல் இந்நிலையே நீடித்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் மோட்டார்ச் சாலை அமைந்தபோதுதான் அத்தோள்களுக்கு ஓய்வு கிட்டியது. நகரின் வரலாற்றில் மனை கட்டியவர் பெயர்கள் உள. சுமந்தவர் பெயர் ஒன்றேனும் இல்லை. வார்டு கடந்து சென்ற வெள்ளகவிக்கோ, அண்மைக்காலம் வரை வண்டி செல்லும் சாலை இல்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணையும் நோயுற்ற முதியவரையும் அவ்வூரார் தோளில் சுமந்தே கொண்டு சென்றனர். அந்தப் பழைய டோலி அவ்வூரை மட்டும் விட்டு அகலவில்லை.

ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறியோருள் குறிப்பிடத்தக்கவர் இருவர். ஒருவர் மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ். சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடையைக் கரைகட்டித் தடுத்து, 1863இல் ஏரியை உண்டாக்கியவர் அவரே. 1867இல் ஓய்வு பெற்ற பின்னர் அங்கேயே இல்லம் கொண்டு, சாலை அமைப்பதிலும் மரஞ்செடி வளர்ப்பதிலும் தம் கைப்பொருளையும் செலவிட்டார். குடியேறிய இடத்திற்குத் தாமும் ஏதேனும் செய்ய வேண்டும் என அவர் கருதினார் போலும்.

மற்றவர் நம் திருநெல்வேலிச் சீமைக்கு மிக வேண்டியவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வகுத்த கால்டுவெல். 1841இல் இடையன்குடிக்கு வந்த அவர், தேரி மணலும் பனையும் சூழ்ந்த அவ்வூரிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். முதுமை மேலிட்டு 1891 தொடக்கத்தில் பணியினின்றும் விலகிக் கொடைக்கானல் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அவர் உடலை மலையிலிருந்து இறக்கி, நெடுந்தொலைவு கொண்டுவந்து, இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். உடலுக்குக் குளிர்ச்சி வேண்டியபோது மலை உதவியது. ஆனால் அவருக்கு உரிய இடம் எது என்பதில் அவரைச் சார்ந்த மக்களுக்கு ஐயமே எழவில்லை.

இன்றைய நிலை வேறு. மலைக்காய்ச்சல் அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் அமைதி குறைந்துவிட்டது. ஊர்திகளின் நெருக்கம் மிகுந்து, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல், கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் ஊர்திகள் முன்னரே இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. அமைதியை நாடி எல்லோரும் ஒரே இடத்திற்குச் சென்றால், அங்கே அமைதிக்கு இடம் ஏது?

என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு ஒரு மலையூரில் வீடு வாங்கினார். முதலாண்டு மகிழ்ச்சியாகச் சென்றது. இரண்டாம் ஆண்டு மார்கழிக் குளிரில் அவர் மனைவியாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. நள்ளிரவில், பனிமூட்டத்தில், ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதையில் இறங்கிப் பெரிய மருத்துவமனையை அடைந்தனர். அம்மையார் பிழைத்துக்கொண்டார். வீட்டை விற்றுவிட்டு அவர்கள் சமவெளிக்குத் திரும்பினர். குளிரை விரும்பிச் சென்றவர், அக்குளிரைத் தம் நெஞ்சு தாங்குமா எனக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே இடம் மாற எண்ணும் அன்பர்களுக்கு, வரலாற்றிலிருந்து நான் எடுத்துரைப்பது இதுவே. வெப்பமானியை மட்டும் பார்த்து ஊரைத் தேராதீர்கள். நீர் ஆண்டு முழுவதும் உண்டா, மருத்துவர் எவ்வளவு தொலைவில் உள்ளார், ஐப்பசி அடைமழையில் பாதை திறந்திருக்குமா என்று கேளுங்கள். கோடையில் ஒரு வாரம் தங்கியதைக் கொண்டு முடிவு செய்யாமல், மழையில் ஒரு மாதம், குளிரில் ஒரு மாதம் வாடகை வீட்டில் தங்கிப் பாருங்கள். அங்கே வாழையடி வாழையாய் வாழ்வோரிடம் பேசுங்கள். எந்தச் சரிவில் மண் சரியும், எந்த ஓடை வற்றும் என்பன அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நீரையும் நிலத்தையும் நாம் குறைக்கிறோமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

‘ஐயா, இத்தனையும் சொல்லும் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?’ என நேயர்கள் கேட்கலாம். நான் இளையரசனேந்தலிலேயே இருக்கிறேன். வேம்பின் நிழலில் முற்பகல், உள்ளறையில் நண்பகல், முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் இரவு என வெயிற்காலம் கழிகிறது. ஆனித் திங்களில் குற்றாலச் சாரல் தொடங்கியதும் நான்கு நாள் சென்று அருவியாடித் திரும்புகிறேன். எனக்கு வேண்டிய குளிர்ச்சி அவ்வளவே. அதனினும் மிகுதியாக வேண்டுவோர் தாராளமாக மலையேறுக. சிறுமலையில் தங்கியவர் பட்டதை மட்டும் நினைவிற் கொண்டு ஏறுக.