வரி செலுத்துவோரிலிருந்து நுகர்வோர் வரை: வட சென்னையில் குடிநீர், மின்சாரப் பிரதிநிதித்துவத்தின் வரலாறு

வட சென்னையின் பொதுச்சேவை வரலாற்றை ஏழு கிணற்றிலிருந்து தொடங்குவதே முறை. 1772இல் கேப்டன் பேக்கர் முத்தியால்பேட்டையை ஒட்டித் தோண்டிய பத்துக் கிணறுகளில் மூன்று பயன்படாமல் போயின. எஞ்சிய ஏழிலிருந்து இறைத்த நீர் குழாய் வழியே புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனது. பிற்காலத்தில் பேசின் பிரிட்ஜிலும் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2010 முதல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. ஊருக்கு வேண்டியதை உண்டாக்கித் தரும் இடமாக இந்த நிலப்பகுதியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதே சேவையைக் காசு கொடுத்து வாங்கும் ராயபுரத்து, திருவொற்றியூர்க் குடும்பத்தின் சார்பில், கட்டணம் முடிவாகும் இடத்தில் யார் பேசினார்கள் என்பது குறைவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. சட்டத்தில் நுகர்வோரின் உரிமை வளர வளர, அதைக் கேட்கும் இடம் அவர் தெருவைவிட்டுத் தள்ளிப் போயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் பிரதிநிதித்துவம் வரியின் பெயரால் வந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம், மதராஸ் நகராட்சி மன்ற உறுப்பினரில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. வரி கட்டும் அளவுக்குச் சொத்துள்ளவருக்கே வாக்கு. துறைமுகக் கூலிக்கும் மீனவருக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் குழாயும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் மன்றமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த ஏற்பாடு முடிந்தது. 1978இல் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் அமைந்தபோது, குடிநீர் மாநகராட்சியின் கையைவிட்டுப் போனது. வாரியத்தின் தலைவர், நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர்.

திருவொற்றியூரும் கத்திவாக்கமும் அப்போது தனி நகராட்சிகள். தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலரை வழிமறித்துக் கேட்கலாம். அவரும் அதே தெருக் குழாயை நம்பி வாழ்பவர். 2011இல் இவ்விரண்டும் உட்பட 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியில் இணைந்தன. ஊருக்கென இருந்த மன்றம் மறைந்து, 200 வார்டுகளில் 1 முதல் 14 வரையிலான எண்களாயிற்று. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு பெண்கள் இரவெல்லாம் லாரிக்காகக் காத்துநின்ற மாதங்கள் இந்த இடைவெளிக்குள் அடங்குகின்றன. நகரம் கண்ட மிகக் கொடிய தண்ணீர்ப் பஞ்சங்களில் ஒன்றின்போது சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. இதை நிர்வாகத் தாமதம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

மின்சாரத்தின் பாதை வேறு. 1957இல் உருவான மின்வாரியத்தில் நுகர்வோரின் குரல் ஆலோசனைக் குழு அளவில் நின்றது. 1999இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2003இல் அதன் முதல் கட்டண ஆணை. அதே ஆண்டின் மின்சாரச் சட்டம் கட்டண மனுவை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்கச் சொன்னது. ஒவ்வொரு விநியோக உரிமதாரரும் குறைதீர்க்கும் மன்றம் அமைக்க வேண்டும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1985இல் சென்னையில் தொடங்கிய கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் போன்ற அமைப்புகள் கணக்குகளோடு ஆணையத்தின் முன் நிற்க முடிந்தது இதனால்தான். இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் விசாரணை நடந்த இடங்களைப் பாருங்கள். 2022 கட்டண உயர்வுக்கான சென்னைக் கூட்டம் ஆகஸ்ட் 22 அன்று கலைவாணர் அரங்கில் நடந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எண்ணூரிலிருந்து வரக்கூடியவர் எத்தனை பேர்? வந்தவர் பேச வேண்டியிருந்தது சிறிய விஷயமும் அல்ல. அவ்வாண்டு செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடியது, ஏனெனில் 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் போய்விடும். ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தள்ளி வந்தாலே ஒரு குடும்பம் இந்தக் கோட்டைத் தாண்டலாம். அதே ஆணை, ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் மாற வழிசெய்தது. 2024 ஜூலையில் 4.83 சதவீத உயர்வு பொது விசாரணை இல்லாமலே வந்தது. இருபது ஆண்டுகளில் கிடைத்த மேடை இப்படிச் சுருங்குகிறது.

நுகர்வோர் நீதிமன்றத்தின் கதையிலும் தூரமே குறுக்கே நின்றது. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அரசு அமைப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் சொன்ன தீர்ப்பும் பெரிய கதவுகளைத் திறந்தன. ராயபுரத்துக்காரருக்கு வட சென்னை நுகர்வோர் மன்றம் பார்க் டவுனில் இருந்தது, நடந்தே போய்விடலாம். திருவொற்றியூரோ 1997 முதல் 2018 வரை திருவள்ளூர் மாவட்டம். மாவட்ட மன்றத்துக்குப் போக கும்மிடிப்பூண்டி வழித்தட ரயிலில் நகருக்குள் வந்து, அரக்கோணம் வழித்தடத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள். குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்ற 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

குடிநீருக்கு இவற்றில் பாதிகூட இல்லை. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரியாகப் போகிறது. மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் திறந்தவெளிக் கூட்டம் நடத்துகிறது. குறை கேட்பவர் வாரியத்தின் பொறியாளர். கட்டணத்தை ஆராயும் தனி ஆணையமோ, நுகர்வோர் எதிர்வாதம் வைக்கும் விசாரணையோ கிடையாது. ஒண்டுக்குடித்தனங்களின் நிலை இன்னும் மோசம். இணைப்பும் வரி அட்டையும் வீட்டுக்காரர் பெயரில் இருக்க, மின்சார யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையைக் கொடுக்கும் வாடகைதாரர் எந்தப் பதிவேட்டிலும் நுகர்வோராக இல்லை. அடிபம்பில் தண்ணீர் அடிப்பவரும் மீட்டருக்குக் காசு கொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் தொடங்கிய, வாக்காளர்கள் கூடும் பகுதி சபைகள் இங்கே ஒரு வாய்ப்பு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள வாடகைதாரரும் அங்கே பேசலாம். அந்தச் சபைகளில் குடிநீர் வாரியமும் மின் விநியோகக் கழகமும் கணக்கோடு வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். குடிநீர்க் கட்டணத்துக்கும் பொது விசாரணை வேண்டும். அடுத்த மின்கட்டண விசாரணையில் ஓர் அமர்வையாவது திருவொற்றியூரில், ஞாயிற்றுக்கிழமையில், தமிழ் ஆவணங்களோடு நடத்த வேண்டும்.