பெயின்ட் உரிஞ்சா பெயின்ட்டைத் திட்டாதீங்க... பூச்சைப் பாருங்க!

தை மாசம் ஒரு நாள் காலையில உங்க தெருவுல சும்மா ஒரு நடை போய்ப் பாருங்க. மழையில் நனைந்து முடித்த சுவர்கள் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். சன்ஷேடுக்குக் கீழே கறுப்புக் கோடு, ஜன்னல் மூலையில் விரிசல், தரையை ஒட்டி இரண்டு அடி உயரத்துக்கு உப்புப் பூத்த வெள்ளை, அதற்கு மேலே அப்பளம் மாதிரி உப்பி நிற்கும் பெயின்ட்.

உடனே நாம் என்ன செய்வோம்? 'பெயின்ட் சரியில்ல, அடுத்த தடவை விலை கூடின பெயின்ட்டா அடிச்சிரலாம்' என்போம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாரம் கட்டி, முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிப்போம். இரண்டு மழை போனதும் அதே இடத்தில் அதே அப்பளம்!

பெரும்பாலும் தப்பு பெயின்ட்டில் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் 20 மி.மீ. கனமுள்ள பூச்சில் இருக்கிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்து அடிக்கும் நம்ம ஊரில் அந்தப் பூச்சுக்கு இரண்டு வேலை. ஒன்று, மழையை உள்ளே விடாமல் தடுப்பது. இன்னொன்று, அதையும் மீறி உள்ளே போன ஈரத்தை வெளியே விடுவது. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம்.

ஸ்டக்கோ... பேர்தான் புதுசு!

வீட்டு எலிவேஷன் ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு 'ஸ்டக்கோ ஃபினிஷ்' என்ற வார்த்தை பழக்கம்தான். ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்போ சிமென்ட்டோ மணலோடு கலந்து சுவரில் பூசுவதுதான் ஸ்டக்கோ. நம்ம கோயில் கோபுரங்களில் கீழே கருங்கல், மேல் நிலைகளில் செங்கல், அதன் மேல் சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன அல்லவா? அந்தச் சுதையும் ஸ்டக்கோதான். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்களும் அந்தக் குடும்பம்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பில் மெருகேற்றிய நம்ம ஊர்ப் பூச்சை ஆங்கிலேயர்கள் 'மெட்ராஸ் சுனம்' என்று குறித்து, பளிங்கோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. கோபுரத்துச் சுதையையும் யாரும் பூசிவிட்டு அப்படியே மறந்துவிடுவதில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன்பு பழுது பார்த்து, வண்ணம் தீட்டுகிறார்கள். பராமரிப்பே வேண்டாத பூச்சு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

வெயிலும் ஈரமும் சுவரை என்ன செய்யுது?

சென்னையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். மேற்குச் சுவர் மதியம் முழுக்கக் காய்ந்து விரியும். சாயங்காலம் திடீர் மழை பட்டதும் சட்டென்று சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கி, தலைமுடி அளவுக்கு மெல்லிய விரிசல்கள் விழும்.

புயல் காலத்தில் மழை நேராக விழாது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது பார்த்தோமே, காற்று தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுவந்து சுவரில் அறையும். அந்த மெல்லிய விரிசல் போதும், தண்ணீர் உள்ளே போக. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், உள்ளே போனது சீக்கிரம் காயாது. கடற்கரை ஓரம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். தரையிலிருந்து ஓதம் ஏறுவது தனிக் கதை.

சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரத்தான் பார்க்கும். வழி இருந்தால் ஆவியாகப் போய்விடும். தடிமனான பெயின்ட் படலம் வழியை அடைத்திருந்தால், அதைத் தள்ளிக்கொண்டு வரும். அதுதான் நீங்கள் பார்க்கும் அப்பளம்.

வில்மிங்டன் சொல்லித்தந்த பாடம்

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் வில்மிங்டன் என்று ஒரு கடலோர ஊர். அங்கேயும் கோடையில் புழுக்கம், புயல், மழை எல்லாம் உண்டு. மரச் சட்டங்களால் கட்டிய வீடுகளுக்கு மேல் ஃபோம் பலகை ஒட்டி, அதன் மேல் செயற்கை ஸ்டக்கோ பூசினார்கள். பார்க்க அழகு, தண்ணீர் புகாது என்றும் நம்பினார்கள். 1990-களின் நடுவில் பிரித்துப் பார்த்தால், பல வீடுகளில் உள்ளே மரம் உளுத்துக் கிடந்தது. ஜன்னல் ஓரங்களில் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை! விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகு, பூச்சுக்குப் பின்னால் தண்ணீர் வடிந்து வெளியேற இடைவெளி விடும் முறை பரவியது.

நம்ம வீடு செங்கல்தானே, உளுக்காதே என்று நினைக்கலாம். செங்கல் உளுக்காது. ஆனால், உப்பு அதைப் பொரித்து மாவாக்கும். ஈரம் தூணுக்குள் இருக்கும் கம்பி வரை போனால், கம்பி துருப்பிடித்து உப்பி கான்கிரீட்டையே பிளக்கும். அப்போது செலவு பெயின்ட்டோடு நிற்காது.

தாத்தா வீடா? சிமென்ட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க

ஊரில் பழைய சுண்ணாம்புக் காரை வீடு இருந்தால், இந்தப் பகுதி உங்களுக்குத்தான். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாக இறுகும். இறுகிய பிறகும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சுவர் லேசாக அசைந்தால் கூடவே கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும்.

அந்தச் சுவரில் 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் பூச்சு கெட்டி. உள்ளே இருக்கும் ஈரம் வழக்கமான வழியில் வர முடியாமல், பூச்சுக்குப் பின்னால் தங்கிவிடும். மென்மையான பழைய செங்கல் அரிக்க ஆரம்பிக்கும். கொஞ்ச வருஷத்தில் சிமென்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து, போகும்போது செங்கல் தோலையும் பிய்த்துக்கொண்டு போகும். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புதான் பொருத்தம். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்தான். ஆனால், தேடலாம், தப்பில்லை.

புது வீட்டுக்குப் பூசும்போது...

புது வீட்டுக்கு சிமென்ட் பூச்சே போதும். செய்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டும் இடத்துக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. கலவை: வெளிப்பூச்சுக்கு 1 பங்கு சிமென்ட்டுக்கு 4 முதல் 6 பங்கு மணல் வரை சேர்ப்பது வழக்கம். 'சிமென்ட் கூடப் போட்டா நல்லது' என்பது தப்பு. சிமென்ட் கூடினால் பூச்சு காயும்போது அதிகம் சுருங்கும், விரிசலும் கூடும்.

2. மணல்: பூசு வேலைக்கென்று வரும் கழுவிய பி-சாண்ட் நல்லது. தூசு அதிகமுள்ள மணல் விரிசலைக் கொண்டுவரும். உப்பு கலந்த கடல் மணல் கூடவே கூடாது. உப்புத் தண்ணீரில் கலவை போடுவதும் அப்படித்தான்.

3. வலை: கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கம்பி வலை அடித்த பிறகே பூச வேண்டும். இரண்டும் வெயிலில் ஒரே அளவுக்கு விரியாது. பல வீடுகளில் தூண் ஓரமாக நேர்க்கோடு போட்ட மாதிரி விரிசல் விழுவது இதனால்தான்.

4. கொத்துதல், நனைத்தல்: வழவழப்பான கான்கிரீட்டைக் கொத்திவிட வேண்டும். செங்கல் சுவரை முன்பே நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும்.

5. இரண்டு தடவை: முதல் பூச்சு 12 முதல் 15 மி.மீ., அது இறுகிய பின் மேல் பூச்சு 5 முதல் 8 மி.மீ. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கோடு கீறிவிட்டால் மேல் பூச்சு நன்றாகப் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பினால் தொங்கும், வெடிக்கும்.

6. நேரம்: தண்ணீர் ஊற்றிய கலவையைச் சுமார் அரை மணி நேரத்துக்குள் பூசிவிடுவது நல்லது. டீ குடித்துவிட்டு வந்து, இறுகிய கலவையில் மறுபடியும் தண்ணீர் தெளித்துக் கிளறினால், அந்த இடத்தில் பூச்சுக்குப் பலம் இருக்காது.

7. க்யூரிங்: குறைந்தது 7 நாள் சுவர் காயாமல் நனைக்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் சாக்கு கட்டி நனைத்தால் இன்னும் நல்லது. எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். இரண்டு நாள் தண்ணீர் அடிப்பார்கள், மூன்றாம் நாள் ஆள் வர மாட்டார். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஏரியாவில் இது இன்னும் குறையும். அந்த ஒரு வாரத் தண்ணீரில் மிச்சம் பிடித்தால், வருஷா வருஷம் பெயின்ட்டில் கட்ட வேண்டியிருக்கும்.

8. வாட்டர் கட்டிங்: சன்ஷேடு, பால்கனி அடியில் ஓரமாக ஒரு சின்னக் காடி விடச் சொல்லுங்க. மழைத் தண்ணீர் சுவருக்கு ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும். கைப்பிடிச் சுவரின் மேல்பகுதி மொட்டை மாடிப் பக்கம் சாய்வாக இருந்தால், தண்ணீர் வெளிச்சுவரில் வழியாது.

9. பெயின்ட்: க்யூரிங் முடிந்த மறுநாளே வேண்டாம். புதுப் பூச்சு நன்றாகக் காய சுமார் 4 வாரம் கொடுங்க. கிரகப்பிரவேச தேதி நெருக்கினால், அதுவரை வெள்ளை அடித்து வைத்துவிட்டு, பிறகு பெயின்ட் அடிக்கலாம்.

ஏற்கெனவே கட்டின வீடா?

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்க. 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதற்கு மேல் எந்த பெயின்ட்டும் நிற்காது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் மறுபடியும் பூச வேண்டும்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்க. மொட்டை மாடியா, பாத்ரூம் பைப்பா, ஜன்னல் ஓரமா? ஏசி பைப்புக்குப் போட்ட ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டதுகூட காரணமாக இருக்கலாம். வழியை அடைக்காமல் மேலே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரிதான்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்க. மறுநாள் பிரித்துப் பார்த்தால், உள்பக்கம் வியர்த்திருக்கிறதா? அப்படியென்றால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. காத்திருங்க.

உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கரைந்து மறுபடியும் உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து விடுங்க. மெல்லிய விரிசலை அதற்கான கிராக் ஃபில்லரால் அடைக்கலாம். ஆனால், விரிசல் சாய்வாக ஓடி, மாதா மாதம் அகலமாகிக்கொண்டே போனால், அது பூச்சுப் பிரச்னை இல்லை. ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்க.

கலர்லயும் விஷயம் இருக்கு

20 மி.மீ. பூச்சு வெயிலைப் பெரிதாகத் தடுத்துவிடாது. கலர்தான் தடுக்கும். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ட்ரெண்டில் இருக்கும் கரும்சாம்பல் நிறத்தை மேற்குச் சுவரில் அடித்தால், சுவர் இன்னும் சூடாகும். விரிந்து சுருங்குவதும் கூடும். அந்த கலர்தான் வேண்டுமென்றால், நிழல் விழும் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்க. சொரசொரப்பான டெக்ஸ்சரில் தூசும் பாசியும் தங்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்க.

அடுத்த மழை வரும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்க. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர் சுவரில் எந்த வழியாக ஓடுகிறது என்று மொபைலில் வீடியோ எடுத்து வைங்க. தை மாசம் வந்ததும் அந்த வீடியோவைக் கொத்தனாரிடம் காட்டுங்க. 'எந்த பெயின்ட் அடிக்கலாம்?' என்று கேட்பதற்கு முன்னால், 'அண்ணே, இந்தத் தண்ணி எப்படி உள்ள போகுது, எப்படி வெளிய வரும்?' என்று கேளுங்க. அதற்குப் பதில் தெரிந்த பிறகு பெயின்ட் கடைக்குப் போகலாம்!