தாத்தாவின் பொட்டியும் டிராஸிங்கன் மியூசியமும்

பொட்டி தட்டுறதுதான் நமக்குச் சோறு போடுது. எங்க தாத்தாவும் பொட்டி தட்டினவர்தான். ஆனா அது ஆர்மோனியப் பொட்டி, அது சோறு போடலை. பகல்ல ஆம்பூர்ல ஒரு டேனரியில வேலை. ராத்திரியில கூத்து ஜமாவுக்கு வாசிப்பார். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடந்தா விடிய விடிய வாசிச்சுட்டு, காலையில நேரா ஷிஃப்ட்டுக்குப் போவாராம். அவர் போனதுக்கப்புறம் பொட்டி பரணுக்குப் போச்சு. பல வருஷமா அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. பார்க்க வெச்சது ஜெர்மனி.

ஆன்சைட்ல ஆறு மாசம் ஸ்டுட்கார்ட்ல இருந்தேன். வார நாள்ல ஆணி, வாரக் கடைசியில ஊர் சுத்தல். அப்படி ஒரு சனிக்கிழமை டிராஸிங்கன்னு ஒரு சின்ன ஊருக்குப் போனேன். 1857-ல மத்தியாஸ் ஹோனர்ங்கிற கடிகாரக்காரர் மவுத் ஆர்கன் செய்ய ஆரம்பிச்ச ஊர் அது. முதல் வருஷம் செஞ்சது வெறும் 650. 1903-லேர்ந்து அக்கார்டியனும் செஞ்சாங்க. பழைய ஹோனர் ஃபேக்டரி கட்டடத்திலேயே இப்ப மியூசியம் இருக்கு. மவுத் ஆர்கன் மட்டும் சுமார் 25,000. அக்கார்டியன்கள், பெட்டி அட்டைகள், விளம்பரப் போஸ்டர்கள்னு எதையும் தூக்கிப் போடாம வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சீட்டு: எங்க செஞ்சது, எந்த வருஷம்.

ஒரு அக்கார்டியனோட துருத்தியைப் பார்த்துக்கிட்டே நின்னேன். மடிப்பு எல்லாம் அட்டையும் துணியும். மூலைக்கு மூலை மட்டும் மெல்லிசான தோல் ஒட்டியிருந்துச்சு. ஆம்பூர்க்காரனுக்குத் தோலைப் பார்த்தா கண்ணு நிக்காதா என்ன? :-) மடிஞ்சு மடிஞ்சு விரியற இடத்துல கிழியாம தாங்கறதுக்கும், காத்து வெளிய போகாம பிடிச்சு வைக்கிறதுக்கும் தோல்தான் சரி. சுரத்தை அடைச்சு வைக்கிற மூடிக்கு அடியிலயும் தோல்தான். அப்பதான் தாத்தாவோட பொட்டி ஞாபகம் வந்துச்சு.

ரெண்டும் ஒரே குடும்பம். ஒரு தகட்டுல நீளமா ஒரு வெட்டு. அதுமேல ஒரு முனையை மட்டும் அறைஞ்சு வெச்ச உலோக நாக்கு. காத்து போனா அந்த நாக்கு வெட்டுக்குள்ள போய் வந்து அதிரும். அதுதான் ரீடு. சீனாக்காரங்க ஷெங்னு ஒரு மூங்கில் வாத்தியத்துல இதை 2000 வருஷத்துக்கு மேலயே வெச்சிருந்தாங்க. ஐரோப்பாவுல 1829-ல வியன்னாவுல சிரில் டெமியன் அக்கார்டியனுக்குக் காப்புரிமை வாங்கினார். மொத்தம் 5 கட்டை. ஒரு கட்டையை அழுத்தினா ஒரு சுரம் இல்லை, பல சுரம் சேர்ந்த ஒரு 'கார்டு'. பேரே அதுலேர்ந்து வந்ததுதான். 1840-கள்ல பாரிஸ்ல அலெக்ஸாந்தர் தெபேன் கால்ல மிதிச்சு வாசிக்கிற ஆர்மோனியத்தைக் கொண்டு வந்தார். அது பாதிரியார்களோட கப்பலேறி இந்தியா வந்துச்சு. தரையில உக்கார்ந்து பாடுற ஊருக்கு மேஜை உசர வாத்தியம் எதுக்கு? கல்கத்தாவுல 1875-ல கடை ஆரம்பிச்ச துவாரகாநாத் கோஷ், கையால காத்தடிக்கிற மாதிரி அதைச் சின்னதாக்கினார். நாடக மேடை, பஜனை, கூத்துன்னு எல்லா இடத்துலயும் அது உக்கார்ந்துக்கிச்சு.

ஆனா பெரிய மனுஷங்களுக்குப் பிடிக்கலை. சுரம் ஒவ்வொண்ணும் படிக்கட்டு மாதிரி தனித்தனியா நிக்குது, வழுக்கிக்கிட்டுப் போக முடியாது, கமகம் வராதுன்னு குறை. குறை நியாயம்தான். டெல்லி வானொலியில மேற்கத்திய இசையைப் பார்த்துக்கிட்ட ஜான் ஃபோல்ட்ஸ்ங்கிற ஆங்கிலேயர் 1938-ல எதிர்த்து எழுதினார். தாகூருக்கும் பிடிக்காது. 1940 மார்ச் 1-ஆம் தேதியிலேர்ந்து அகில இந்திய வானொலியில ஆர்மோனியத்துக்குத் தடை. 1971-லதான், அதுவும் நிபந்தனையோட, தளர்த்தினாங்க. 31 வருஷம்!

எங்க தாத்தா வாசிக்க ஆரம்பிச்சதே இந்தத் தடைக் காலத்துலதான். ரேடியோவுக்குள்ள நுழைய முடியாத பொட்டி இங்க மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் நடுவுல விடிய விடிய பாடிச்சு. மைக் இல்லாத திடல்ல உச்சக் குரல்ல பாடுறவருக்குச் சுருதியைப் பிடிச்சுக் குடுக்க அது வேண்டியிருந்துச்சு. தடை போட்டவங்களை யாரும் கூத்துக்குக் கூப்பிடலை. ஹி ஹி.

ஊருக்கு வந்ததும் பரண்லேர்ந்து பொட்டியை இறக்கினேன். பின்பக்கத் துருத்தியைத் திறந்தா ஒரே ஒட்டு. முதல்ல தாத்தா கஞ்சத்தனம்னுதான் நினைச்சேன். எதிர்வீட்டு அக்கா ஷூ கம்பெனியில ஸ்கைவிங் மெஷின்ல இருக்காங்க, அதாவது தோலோட ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குற வேலை. அவங்க தொட்டுப் பார்த்துட்டு, "தம்பி, இது மூணும் மூணு காலத்துத் தோலு"ன்னாங்க.

செம்பழுப்பா இருந்தது ஆவாரம்பட்டைத் தோல். பட்டைச் சாறுல ஊற வெச்சுப் பதப்படுத்தறது. சென்னைத் துறைமுகத்துலேர்ந்து லண்டனுக்குக் கிழக்கிந்தியத் தோல்ங்கிற பேர்ல போய், ஷூ உள்பக்கத்துக்கும் புத்தக பைண்டிங்குக்கும் ஆனது இந்த வகைதான். ரெண்டாவது ஒட்டு நீலம் பாரிச்சிருந்துச்சு. அது குரோம் போட்ட 'வெட் ப்ளூ'. மூணாவது பளபளன்னு கறுப்பு, ஷூ மேல்தோல். பாதி பதப்படுத்தின தோலை அப்படியே ஏத்துமதி பண்றதை 1970-கள்ல அரசு கட்டுப்படுத்தினப்புறம், முழுசா முடிச்ச தோலுக்கும் ஷூவுக்கும் நம்ம பெல்ட் மாறிச்சில்லையா, அந்தக் கதை ஒரு சாண் துருத்தியில இருந்துச்சு.

நீல ஒட்டைப் பார்த்தப்ப பாலாறும் ஞாபகம் வந்துச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, டேனரி ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிச்சது. கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும்னு சொன்ன தீர்ப்பு அது. எங்க வீட்டுச் சோறும் எங்க கிணத்து உப்பும் ஒரே இடத்துலேர்ந்து வந்ததுதான்.

ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். "ரீடு நல்லாயிருக்கு சார். துருத்தியை மட்டும் கடாசிட்டுப் புதுசு போட்டுடலாம்"னார். எனக்கு மனசு வரலை. அப்படியே கண்ணாடிப் பெட்டியில வெச்சுடலாமான்னு வீட்ல கேட்டேன். டிராஸிங்கன் போதை! பாட்டி ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க: "ஊமையா உக்கார வெக்கிறதுக்கா உங்க தாத்தா ஒட்டு ஒட்டா போட்டாரு?"

அதனால பழைய ஒட்டு எதையும் எடுக்கலை. காத்து போற இடத்துல மட்டும் அக்கா சீவிக் குடுத்த ஆட்டுத்தோல் ஒரு துண்டு, நாலாவது ஒட்டு. தாத்தாவோட ஜமாவுல இப்ப வாசிக்கிற பையன்கிட்ட பொட்டி இருக்கு. நான் செஞ்ச ஒரே மியூசியம் வேலை, மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினது: யார் வாசிச்சார், எந்த ஒட்டு எந்தத் தோல், நாலாவதைச் சீவினது யார். 2019-ல வேலூரைப் பிரிச்சு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனதால, 'வேலூர் மாவட்டம்'னு எழுதி அடிச்சுத் திருத்த வேண்டியதாச்சு.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பொட்டி இருக்கலாம். கடாசறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள திறந்து பாருங்க மக்கா. தெரிஞ்சதை ஒரு சீட்டுல எழுதி ஒட்டிடுங்க. எங்க தாத்தா அந்தப் பொட்டியை எவ்வளவுக்கு வாங்கினார்னு நான் கேட்காம விட்டுட்டேன்.