இருபது வண்டிகள்: கார்டன் ரீச்சின் சந்துமுனையும் தீயணைப்புக் கணக்கும்

கொல்கத்தாவில் எங்கே பெருந்தீ மூண்டாலும் வங்க நாளிதழ்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: தொம்கொல்லின் இத்தனை எஞ்சின்கள் வந்தன, இத்தனை மணி நேரத்தில் தீ அடங்கியது. பெருநகரத் தீயணைப்பைப் பற்றி எழுதியோர் இந்த எண்ணை வலிமையின் அளவுகோலாகவே கொண்டுள்ளனர். ஐந்து வண்டி என்றால் சிறு தீ, இருபது என்றால் பெருந்தீ. எண் ஏற ஏறத் துறையின் முனைப்பும் ஏறியதாகப் பொருள். கார்டன் ரீச்சையும் அதை ஒட்டிய கிதிர்ப்பூரையும் பொறுத்தவரை இந்த வாசிப்பு தலைகீழானது என்பதே என் வாதம். அங்கே வண்டிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு பற்றாக்குறையின் தடயம்.

தொம்கொல் என்ற வங்கச் சொல் நீரிறைக்கும் எந்திரத்தையும் குறிக்கும், அதை இயக்கும் துறையையும் குறிக்கும். தமிழ்ச் செய்தியாளர் ‘மூன்று வண்டிகளில் வீரர்கள் விரைந்தனர்’ என்று எழுதுவார். வண்டிக்குள் ஆட்கள் இருப்பது அந்த வாக்கியத்திலேயே தெரியும். வங்க வாக்கியத்தில் வருவது எஞ்சின். ஒரு சொல்லின் மேல் மிகுந்த பாரத்தை ஏற்றக்கூடாதுதான். ஆனாலும் எதை எண்ணுகிறோம் என்ற குழப்பம் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவதாகத் தோன்றுகிறது.

2025 ஜூன் 16 அதிகாலையில் கிதிர்ப்பூரின் ஆர்ஃபன்கஞ்ச் சந்தை எரிந்தது. ஏறத்தாழ இருபது வண்டிகள் வந்ததாகச் செய்திகள் கூறின. வண்டிகள் தாமதமாக வந்தன, வந்தவற்றிலும் தண்ணீர் போதவில்லை என்றனர் கடைக்காரர்கள். தீயணைப்புத் துறை அமைச்சர் சுஜித் போஸ் தாமதக் குற்றச்சாட்டை மறுத்தார். இத்தகைய பூசல்களில் ஏதோ ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்றே இதுவரையிலான ஆய்வுகள் அனுமானித்துவந்தன: துறைப் பதிவை நம்புவோர் கடைக்காரர்களின் பேச்சை ஆற்றாமை என ஒதுக்கினர், மக்கள் சாட்சியத்தை நம்புவோர் துறைப் பதிவைப் புனைவு என்றனர். இரு தரப்பும் உண்மையையே சொல்லியிருக்கலாம் என்ற வாய்ப்பு ஆராயப்படவில்லை.

வேறுபாடு, கடிகாரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்கு, வண்டி சம்பவ இடத்தை அடைந்ததாக வயர்லெஸ்ஸில் சொன்ன நொடியோடு பயணம் முடிகிறது. கடைக்காரருக்கோ தன் கடைமேல் முதல் நீர் விழும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரு நொடிகளுக்கும் நடுவே குழாய் இழுப்பது, நீர் தேடுவது, நெரிசலை விலக்குவது, பூட்டிய ஷட்டரை உடைப்பது எல்லாம் உண்டு. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 1710 தரம் இந்த இடைவெளிக்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. தீ அழைப்பில் நிலையத்திலிருந்து புறப்பட 80 நொடி, முதல் வண்டியின் பயணத்துக்கு 240 நொடி என வகுக்கும் அத்தரம், வந்து சேர்ந்தபின் செயல் தொடங்கும்வரையிலான நேரத்தை வேறாகவே கணக்கிடுகிறது. நம்முடைய நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் அளவுகோல்களைப் பற்றிய விவாதமோ பயண நிமிடங்களையும் நிலையங்களுக்கு இடையிலான பரப்பையும் தாண்டுவது அரிது.

தண்ணீரைப் பற்றிய குறையை இதோடு சேர்த்துப் படித்தால்தான் ‘இருபது’ விளங்கும். இந்தியாவில் பரவலாக ஓடும் நீர்த்தாங்கி வண்டியின் கொள்ளளவு சுமார் 4,500 லிட்டர். ஒரு குழாய்முனை நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சுவதாகக் கொண்டால் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. தெருவில் நீர்க்குழாய் உயிரோடு இருந்தால் அந்த வண்டி அங்கேயே நின்று பம்பாகப் பணியாற்றும். இல்லையென்றால் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வரவேண்டும்; அது திரும்பும்வரை அதன் இடத்தில் இன்னொன்று நிற்கவேண்டும். அப்போது இருபது எஞ்சின்கள் என்பது 90,000 லிட்டரைச் சுமந்துவந்த இருபது தண்ணீர் லாரிகள். இரு குழாய்முனைகளை இடைவிடாமல் நடத்தினால் அது நூறு நிமிடத் தண்ணீர். நான்கு முனைகளை நடத்தினால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வண்டிகள் ஐந்தாக, பத்தாக, இருபதாக ஏறியதாகக் கேள்விப்படும்போது, படை பெருகியது என்பதற்கு முன் தொட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன என்று ஐயுறுவதே சரி.

பிரிட்டிஷ் மரபில் களத்திலுள்ள அதிகாரி ‘பம்புகளைப் பத்தாக்கு’ என்று செய்தி அனுப்புவார். எண் அங்கே ஒரு கட்டளை, நிலைமையைப் பற்றிய ஒரு கணிப்பு. நியூயார்க்கில் அலாரத்தின் படி ஏறும்போது வண்டிகளோடு ஏணிகளும், அவற்றை நடத்தும் மேலதிகாரிகளும் முன்கூட்டியே வகுத்த தொகுப்பாகப் புறப்படுவர். அந்த எண்களைப் படிக்கும் கண்ணால் கொல்கத்தாவின் எண்ணைப் படித்ததுதான் பிழையின் வேர்.

கார்டன் ரீச்சில் இந்தப் பிழை இன்னும் கூர்மையாகிறது. வடக்கிலும் மேற்கிலும் ஹூக்ளி ஆறு. கிழக்கே 1892-ல் திறந்த கிதிர்ப்பூர் கப்பல்துறையும் 1920-களின் இறுதியில் கிங் ஜார்ஜ் என்ற பெயரில் திறந்த துறையும். கப்பல் நுழையும்போது கிதிர்ப்பூரின் தூக்குப் பாலம் எழும், சாலை நிற்கும். 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து, 2020 டிசம்பரில் புதிய பாலம் திறக்கும்வரை தென்கிழக்கு வழியும் நெரிந்து கிடந்தது. ஏறக்குறைய ஒரு தீபகற்பம் இது. உள்ளேயோ மேட்டியாபுருஸின் தையல் கூடங்கள்: அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் வந்து குடியேறிய மண், இன்று துணிக்கட்டுகள் கூரை முட்ட அடுக்கிய வீடுகள். 1984-ல்தான் கார்டன் ரீச் நகராட்சி கொல்கத்தா மாநகராட்சியோடு இணைந்தது. அதன் சந்துகள் மாநகரத்தின் வண்டிகளை எண்ணி வகுத்தவை அல்ல.

2024 மார்ச் 17 நள்ளிரவையொட்டி, 134-ஆம் வார்டின் ஆஜர் முல்லா பாகானில், அனுமதியின்றிக் கட்டப்பட்டுவந்த ஐந்துமாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள்மேல் சரிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீயணைப்பு வீரர்கள், காவல்துறை, மாநிலப் பேரிடர்க் குழு, தேசியப் பேரிடர் மீட்புப் படை என எல்லோரும் வந்தனர். சந்து குறுகியது, கனரக எந்திரம் உள்ளே போகமுடியவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, மண்வாரியும் கிரேனும் நிற்க அங்கே வெளி இருந்தது. கார்டன் ரீச்சில் அரிதான பண்டம் சந்துமுனை. அதில் முதலில் நுழையும் வண்டி, பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் கதவாகிறது, அல்லது பூட்டாகிறது.

ஆகவே இங்கே அனுப்புவதைவிட நிறுத்திவைப்பதே கடினமான கலை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட சம்பவ நடவடிக்கை முறை, வந்துசேரும் பிரிவுகளை ஓரிடத்தில் காத்திருக்கவைத்து அழைப்புக்கேற்ப உள்ளே விடும் பொறுப்பாளர் ஒருவரைக் கேட்கிறது. வார்டு 134 போன்ற இடங்களுக்கு இந்தப் பதவி காகிதத்தில் இருந்தால் போதாது. முதல் வண்டி சந்துமுனைக்கு முன்பே நின்று, கையால் தூக்கக்கூடிய பம்பையும் குழாய்ச் சுருளையும் இறக்கவேண்டும். இரண்டாவது அதற்கு நீர் ஊட்டவேண்டும். ஏனையவை துறைமுகத்தை ஒட்டிய அகலச் சாலையில் காத்திருக்கவேண்டும். முனையில் ஓர் அதிகாரி, உள்ளே போனவர்களின் கணக்கோடு. 2021 மார்ச் 8 அன்று ஸ்ட்ராண்ட் சாலை ரயில்வே கட்டடத் தீயில் நான்கு தீயணைப்பு வீரர்கள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். லிஃப்டில் சிக்கியவர்கள் அவர்களுள் உண்டு. எந்த வழியில் யார் மேலே போகலாம் என்று சொல்லும் குரல் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

நிலையங்களைக் கூட்டினால் போதும் என்பர். புதிய நிலையம் பயண நிமிடங்களைக் குறைக்கும். சந்தின் அகலத்தைக் கூட்டாது. சட்டவிரோதக் கட்டடங்களை இடிப்பதே தீர்வு என்பதும் உண்மை. ஆனால் அது மாநகராட்சியின் வேலை, இன்றிரவு வரும் அழைப்புக்கு அது பதிலாகாது. கூடுதலாக அனுப்பிவைத்தால் நட்டமென்ன என்ற மறுப்பைத்தான் பொருட்படுத்த வேண்டும். அது வண்டிகள் திரும்பிப்போக வழியிருக்கும் நகரத்துக்குரிய மறுப்பு.

ஓர் இடத்தில் மட்டும் என் வாதம் தளர்கிறது என ஒப்புக்கொள்கிறேன். இடிபாட்டுக்குத் தண்ணீர்க் கணக்கு பொருந்தாது. கிதிர்ப்பூரையும் ஆஜர் முல்லா பாகானையும் ஒரே கயிற்றில் கட்டுவது வலிந்த செயலாகப் படலாம். ஆனால் இடிந்த கட்டடம் ஒரு நீர்நிலையைத் தூர்த்த நிலத்தில் எழுந்தது என்று அப்பகுதியினர் குற்றஞ்சாட்டியதை நினைவுகொள்ள வேண்டும். அது மெய்யானால், கட்டடத்தின் அடித்தளத்தை நெகிழவைத்த அதே செயல், அடுத்த தீக்குக் கைப்பம்பை இறக்கக் கிடைத்திருக்கும் குளத்தையும் பறித்துவிட்டது. வார்டில் எஞ்சியுள்ள குளங்கள், அவற்றின் படித்துறைகள், அவற்றை எட்டக்கூடிய குழாயின் நீளம்: கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்தில் நிலையங்களுக்கு முன் இவை குறிக்கப்படவேண்டும். அந்த மார்ச் இரவில் எந்தப் படையும் வந்துசேரும் முன் அண்டைவீட்டார் செங்கல்லை வெறுங்கையால் அகற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்த எண்ணிக்கையிலும் வரவில்லை.