மலையில் தங்கிவிட்ட நோட்டுகள்

பழைய காகித நோட்டு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எங்கே போவீர்கள்? மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் நாணயப் பிரிவு உண்டு. ஆனால் நீலகிரியில் வாழும் மாணவர்கள் அவ்வளவு தூரம் போகுமுன், வீட்டிலிருக்கும் பழைய தகரப் பெட்டியைத் திறந்து காட்டும்படி பாட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

உலோக நாணயம் பல நூற்றாண்டுகள் நிலைக்கிறது. நோட்டு மட்டும் ஏன் அரிதாகிறது? கை மாறி மாறி நைந்த நோட்டு வங்கிக்குத் திரும்பியதும் அழிக்கப்படுகிறது. ஆகவே, இன்று எஞ்சியிருக்கும் பழைய நோட்டு என்பது ஏதோ ஒரு காரணத்தால் வங்கிக்குத் திரும்பாமற்போன நோட்டு ஆகும். அந்தக் காரணத்தைத் தேடினால் வரலாறு கிடைக்கும்.

1861ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசே காகித நோட்டுகளை வெளியிடத் தொடங்கியது. நாடு பல செலாவணி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை வட்டத்து நோட்டு அந்த வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். 1903 முதல் 1911 வரையிலான ஆண்டுகளில்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் படிப்படியாக எல்லா வட்டங்களிலும் செல்லுபடியாயின.

அக்காலத்தில் தபாலில் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டுவதுண்டு. ஒரு பாதி போய்ச் சேர்ந்த செய்தி வந்த பின்பே மறுபாதியை அனுப்புவர். வழியில் களவு போனாலும் திருடனுக்குப் பயன்படாதல்லவா! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இரயில் வந்ததே 1899இல்தான். எனவே நடுவில் ஒட்டுத் தழும்புள்ள நோட்டு கிடைத்தால் அதைக் குறையென்று தள்ளிவிடாதீர்கள். அது தபாலில் பயணம் செய்ததன் அடையாளமாக இருக்கலாம்.

நீலகிரிக்குப் பழைய நோட்டு வந்த இன்னொரு வழி, கடல் வழி. 1964 அக்டோபர் 30 அன்று சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் இம்மலைக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே 1976இல் 'டான்டீ' நிறுவனமாயிற்று.

அவர்கள் கையில் மீந்த இலங்கை நோட்டு ஊட்டிக் கடைவீதியில் செல்லுமா? செல்லாது. அதுமட்டுமன்று. 1970 அக்டோபரில் இலங்கை அரசு பழைய 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை என அறிவித்தது. குறித்த நாளுக்குள் ஒப்படைக்காத நோட்டு வெறும் காகிதமாயிற்று.

அத்தகைய நோட்டு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் உற்றுப் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளைக் காண்பீர்கள். இலங்கை மத்திய வங்கி 1951இல் வெளியிட்ட நோட்டுகளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் இருந்தது. பின்னர் எலிசபெத் அரசியார் வந்தார். 1956ஆம் ஆண்டு நோட்டுகளில் அரச உருவம் மறைந்து நாட்டின் இலச்சினை இடம்பெற்றது. ஆக, படத்தைக் கொண்டே காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

நீலகிரியின் ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். நோட்டை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள், சலவைப் பெட்டியால் தேய்க்காதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். மடிப்பை மெல்ல விரித்து, அமிலமற்ற தாளுக்கிடையே உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

சேகரிப்போர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2016 நவம்பர் 8 அன்று செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை ஒருவர் 10க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் 25 வரை வைத்திருக்கலாம் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டை விலை பேசுமுன் அதன் கதையைக் கேளுங்கள். எந்தத் தோட்டத்துச் சம்பளம்? எந்த ஆண்டு கப்பலேறினார்கள்? இதை ஏன் மாற்றவில்லை? சொல்பவரின் சம்மதத்துடன் ஒரு தாளில் எழுதி நோட்டுடன் சேர்த்து வையுங்கள். அதே நோட்டு வேறொருவரிடமும் கிடைக்கலாம். அந்தப் பாட்டி சொல்லும் விவரம் வேறெங்கும் கிடைக்காது.