மிக்னனெட் படகு வழக்கு

மிக்னனெட் படகு வழக்கு, நடுக்கடலில் பட்டினியால் சாகும் நிலையில் இருந்த மாலுமிகள் தம்முள் ஒருவனைக் கொன்று தின்றதற்காக இங்கிலாந்தில் 1884-இல் நடந்த கொலை வழக்காகும். சட்ட நூல்களில் இது 'அரசி எதிர் டட்லி, ஸ்டீபன்ஸ்' எனப்படும். அறவியல் பாடங்களில், ஒரே செயலைப் பல கோட்பாடுகளால் எடைபோட்டுப் பார்க்க இவ்வழக்கு பயன்படுகிறது.

நிகழ்வு

சவுதாம்டனிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட மிக்னனெட் என்னும் பாய்மரக் கப்பல், 1884 ஜூலை 5 அன்று தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. தலைவர் டாம் டட்லி, எட்வின் ஸ்டீபன்ஸ், எட்மண்ட் புரூக்ஸ், 17 வயது பணிப்பையன் ரிச்சர்ட் பார்க்கர் ஆகிய நால்வரும் 13 அடிப் படகில் ஏறித் தப்பினர். குடிநீர் இல்லை, இரண்டு டின் டர்னிப் கிழங்கே உணவு. பின்னர் ஓர் ஆமை அகப்பட்டது. கடல்நீரைக் குடித்த பார்க்கர் நோயுற்றுச் சோர்ந்தான். சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்வோம் என்று டட்லி சொன்னதற்குப் புரூக்ஸ் இணங்கவில்லை. ஸ்டீபன்ஸின் சம்மதத்துடன் டட்லி பையனைக் கொன்றார், மூவரும் உண்டனர். ஜூலை 29 அன்று மோண்டெசூமா என்னும் ஜெர்மானியக் கப்பல் அவர்களை மீட்டது.

கோட்பாடுகளின் பார்வை

விளைவைக் கொண்டு செயலை அளக்கும் பயன்வாதம், இறந்தவர் ஒருவர், பிழைத்தவர் மூவர் என்று கணக்கிடும். பார்க்கர் பெற்றோரற்றவன், டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மனைவி மக்கள் உண்டு. ஆனால் இத்தகைய கொலை ஏற்கப்பட்டால் நோயாளிக்கும் எளியவருக்கும் பாதுகாப்பு என்னாகும் என்ற கேள்வியும் அதே கணக்கில் சேரும்.

இமானுவேல் காண்டின் கடமைக் கோட்பாட்டில் இந்த எண்ணிக்கைக்கு இடமில்லை. மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. பையன் உணவாக்கப்பட்டதால், செயல் தவறு.

ஒப்பந்த வழிச் சிந்தனை சம்மதத்தைத் தேடுகிறது. நால்வரும் மனமொப்பிச் சீட்டுப் போட்டிருந்தால் அதன் தீர்ப்பு மாறக்கூடும். பார்க்கரை எவரும் கேட்கவேயில்லை. நற்பண்பு அறவியலோ, தன் பொறுப்பில் உள்ள சிறுவனிடம் ஒரு கப்பல் தலைவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும்.

தீர்ப்பு

புரூக்ஸ் சாட்சியானார். மற்ற இருவரையும் குற்றவாளிகள் என 1884 டிசம்பர் 9 அன்று தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு தலைமையிலான அமர்வு தீர்மானித்தது. உயிர்களின் மதிப்பை ஒப்பிட்டுச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று தீர்ப்பு வினவியது; வேறு வழியில்லை என்பது கொலைக்குச் சமாதானமாகாது என்றது. மக்களின் பரிவோ மாலுமிகள் பக்கம் இருந்தது. மரண தண்டனை ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

பின்னாளில்

ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் பற்றிய வழக்கில், 2000-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மீண்டும் ஆராய்ந்தது. பிரித்தால் வலுவற்ற குழந்தை உடனே இறக்கும்; பிரிக்காவிட்டால் இரண்டும் இறக்கும். படகில் யார் சாவது என்பதை மனிதர் தேர்ந்தெடுத்தனர். இங்கே அதை உடலமைப்பே முடிவு செய்திருந்தது. இவ்வேறுபாட்டைச் சுட்டி, அறுவைச் சிகிச்சைக்கு அந்நீதிமன்றம் அனுமதி அளித்தது.